‘வுடு’ என்றுதான் காதில் விழுந்தது

அன்பு மாமா,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. அக்கா நன்றாக இருக்கிறாள் என்று எழுதத்தான் ஆசை. நேற்று சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், "டேய், அந்த அறுந்த கயித்த நான் ஒரு தபா பாக்கணும். கடையிலயே கீதா, இல்ல தூக்கிப் போட்டுட்டாங்களா?"

பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

கயிறு அறுந்தது என்று சொன்னவர் முதலாளி. ஆமாம் என்று தலையாட்டியவன் நான். முடிச்சூர் ரோட்டில் நாம் வேலை பார்த்த அதே கிரானைட் கடையில் அந்தக் கயிறு முழுசாகத்தான் கிடக்கிறது. இன்றைக்கும் அதைப் பிடித்துத்தான் லோடு இறக்குகிறேன்.

உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்கிறேன், வேறு யாரிடம் சொல்ல? அன்றைக்கு லாரி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நான்கு பேர் வேலைக்கு நாம் இரண்டு பேர். நீ மேலே நின்று கல்லை நகர்த்தினாய். மற்ற கற்கள் சாயாமலிருக்க, லாரிக் கொக்கியில் சுற்றிய கயிற்றின் நுனியை நான் கீழே நின்று இழுத்துப் பிடித்திருந்தேன். நீ என்னவோ கத்தினாய். அதே நேரம் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ‘வுடு’ என்றுதான் என் காதில் விழுந்தது. விட்டுவிட்டேன்.

கல்லுக்கு அடியிலிருந்து, "வுடாதன்னேனேடா மச்சான்" என்றாய். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா மாமா?

போன வாரம், நாலு பேர் இல்லாமல் இனி லோடு இறக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். "இன்னா, புதுசா சட்டம் பேசிகினு கீற? கயிறு அறுந்துச்சு, ஆள் போயிட்டான். பேஜார் பண்ணாம வேலையப் பாரு" என்றார். போய்க் கயிற்றை எடுத்தேன். அவர் பொய்யில் நானும் கூட்டு. இப்போது உன் இடத்தில் வேறொருவர் ஏறி நிற்கிறார். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொள்கிறேன்.

அக்கா என்ன சொல்கிறாள் தெரியுமா? "கடைசியில நீயாச்சும் அவர் பக்கத்துல இருந்தியே" என்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேறு யாருக்கும் தெரியும் முன்னால் இந்தக் கடிதத்தை அக்காவிடம் கொடுக்கப்போகிறேன். அவள் படித்து முடிக்கும் வரை எழுந்து போகமாட்டேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். பிறகு முதலாளி முகத்துக்கு நேராகவும் இதையே சொல்வேன். இது சத்தியம் மாமா.

அக்கா இனிமேல் என்னைத் தம்பி என்று கூப்பிடாமல் போனாலும்,
உன் மச்சான்.