வலப்பக்கம் விட்டு ஓட்டியவளுக்கு

இன்று உச்சி வெயிலில், கிரிவலப் பாதையில், நான் ஓட்டிய கார் வலப்பக்கம் பார்த்துக் கத்தியது. வலப்பக்கம் யாரும் இல்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

கார் என்னுடையது அல்ல. கம்பெனி வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஸ்போர்ட்ஸ் கார். நம் சாலைகளில் ஓட்டிப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. சென்னையிலிருந்து அதை இங்கே ஓட்டி வந்ததற்குக் காரணம் உன் தம்பி. உங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிற உன் பழைய சிவப்புக் காரை உடைத்துப் பிரித்தெடுக்க வேலூரிலிருந்து ஒருவன் லாரியோடு வருகிறானாம். கொடுப்பதா, வேண்டாமா என்று நான்தான் சொல்ல வேண்டும். நீ காய்ச்சல் என்று படுத்து எழுந்திருக்காமல் போனதிலிருந்து யார் எதைக் கேட்டாலும் ‘சரி’ என்றே சொல்லிவருகிறேன். இதற்கும் சரி என்று சொல்லிவிடுவேன் என்று தெரிந்தது. அதனால் நேரே வீட்டுக்குப் போகாமல் மலையைச் சுற்றப் போனேன்.

நிருதி லிங்கம் தாண்டியதும் ஒரு மாடு குறுக்கே வந்தது. நடக்கிற வேகத்துக்கு வண்டியைக் குறைத்தேன். அப்போதுதான் சென்சார் கத்தத் தொடங்கியது. கண்ணாடிக்குக் கீழே வலது முன்மூலையில் சிவப்பு விளக்கு. மிக அருகில் யாரோ இருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். மாடு இடப்பக்கம் போய்விட்டிருந்தது. இறங்கிப் பார்த்தேன். வெறும் தார், அதற்கப்பால் மலை. சென்சாரைத் துடைத்தேன், தூசிகூட இல்லை. மறுபடி நகர்ந்தேன், மறுபடி கத்தியது. நான் மெதுவாகப் போனால் அதுவும் கூடவே வந்தது. சூடான காற்று, ஏதோ பூச்சி, கம்பித் தொடர்பில் கோளாறு என்று எனக்குத் தெரிந்த காரணங்களை வரிசையாக நினைத்துக்கொண்டேன். அடி அண்ணாமலை வரும்போது தானாக நின்றது.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். மலையைச் சுற்றுகிறவர்கள் இடப்பக்கமாகவே நடக்க வேண்டும், மலையை ஒட்டிய வலப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் நடக்கிற வழி என்பதை இந்த ஊரில் எல்லோரும் அறிவார்கள். ஆனால் அதைக் காருக்கும் சட்டமாக வைத்தவள் நீ ஒருத்திதான். கல்யாணமான புதிதில் என்னை அந்தச் சிவப்புக் காரில் சுற்றிக் காட்டினாய். முன்னால் கட்டைவண்டி போனால் அதன் பின்னாலேயே ஊர்ந்தாய். வலப்பக்கம் ஏறி முந்தவே இல்லை.

“ஏன், ரோடு காலியாதானே இருக்கு?” என்றேன்.

“உங்களுக்கு காலியா தெரியுது இன்ஜினியர் சார். அவங்களுக்கு லைட்டு கெடையாது, ஹாரன் கெடையாது. நாமதான் பாத்துப் போவணும்.”

நீ விளையாட்டாகச் சொன்னாயா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

அன்று என்னைப் பயமுறுத்தியது சித்தர்கள் அல்ல, உன் கார். இரண்டே கதவு, கழற்றி வைக்கிற கூரை, பவர் ஸ்டீயரிங் இல்லை, பிரேக்கை மிதிக்க முழுக்காலும் வேண்டும். முதல் கியர் போட வண்டி முழுக்க நின்றாக வேண்டும். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்சக்கரம் உள்பக்கம் மடங்கி வால் வெளியே வீசும். அந்த அச்சின் கணக்கை நான் கல்லூரியில் படித்திருந்தேன். நீ படிக்கவில்லை. “கால எடுத்தா கோச்சிக்கும் இது. பயமா இருந்தா இன்னும் கொஞ்சம் மிதிக்கணும்” என்றாய். அந்த ஸ்டீயரிங்கில் சாலையின் ஒவ்வொரு கல்லும் கைக்கு வந்து சேரும். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே பல் ஆடியது.

இந்தப் புதுக் கார் அதைப்போல ஐந்து மடங்கு சக்தி உள்ளது. வேகமானியைப் பார்த்தால்தான் எவ்வளவு வேகத்தில் போகிறேன் என்பதே தெரிகிறது. வளைவில் நான் தவறு செய்தால், எந்தச் சக்கரத்தைப் பிடிக்க வேண்டுமோ அதை மட்டும் பிடித்துத் தானே திருத்திவிடுகிறது. தவறு செய்தேன் என்பதும் எனக்குத் தெரிவதில்லை. பள்ளத்தில் இறங்கினால் எங்கோ வேறொருவன் இறங்கியது போலிருக்கிறது. உன் காரியத்தன்று உன் அத்தை என் தோளைப் பிடித்து உலுக்கி “அழுதுடு கண்ணு, அழுதுடு” என்றார். அந்த உலுக்கலும் எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

வீட்டு வாசலில் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு உன் தம்பி தலையில் கை வைத்தான்.

“என்னா மாமா இது, தரையோட படுத்துனு வருது? எங்க தெரு ஸ்பீடு பிரேக்கர்ல ஏறிச்சின்னா வயிறு மாட்டிக்கும். நாலு பேரு தூக்கணும்.”

“ஏறல. அங்கியே நிறுத்திட்டு நடந்துதான் வரலாம்னு பாத்தேன். ஓரமா வளைச்சி எடுத்துட்டு வந்தேன்.”

“இத்தினி கோடியோ லட்சமோ குடுத்து நடந்து வரப் பாத்தீங்களா?” சிரித்தவன் குரலைத் தாழ்த்தினான். “லாரி போளூர் தாண்டிடுச்சாம் மாமா. என்னா சொல்றது?”

‘சரி’ என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. “ஒரு சுத்து போய்ட்டு வரலாமா?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பேட்டரியை மாற்றி, கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினோம். உன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். என் பழைய இடமான இடப்பக்கக் கதவைத் திறந்த உன் தம்பி ஒரு நிமிடம் நின்றான். பிறகு அந்தச் சீட்டை மடித்துப் பின்னால் ஏறிக் குறுகி உட்கார்ந்துகொண்டு, சீட்டைப் பழையபடி நிமிர்த்தி வைத்தான்.

“முன்னாடி வாடா, பின்னாடி கால் நீட்ட முடியாது.”

“பரவால்ல மாமா. அங்க வேணாம்.”

ஆளில்லாவிட்டால் அந்தச் சீட்டு கடகடவென்று ஆடும். உனக்கு நினைவிருக்கும், தனியாக ஓட்டும்போது அதில் அரிசி மூட்டை வைப்பாய். இன்று அது ஆடவில்லை. பின்னாலிருந்து உன் தம்பியின் முழங்கால் அழுத்துகிறது என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். அவன் காலை மறுபக்கம் மடக்கி வைத்திருந்தான்.

பாதையில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று இடப்பக்கத்தை அடைத்து நின்றது. ஓட்டுநரைக் காணோம். வலப்பக்கம் திறந்து கிடந்தது. நான் நிறுத்திவிட்டேன். பின்னால் ஓர் ஆட்டோ ஹாரனை விடாமல் அடித்தது.

“அண்ணே, வழி காலியா கீதே! தூங்கிட்டியா?”

உன் தம்பி பின்பக்கம் திரும்பிக் கத்தினான்: “இருய்யா! ஆளுங்க போய்னு இருக்காங்க!”

ஆட்டோக்காரர் எட்டி வலப்பக்கம் பார்த்தார். மலையைப் பார்த்தார். ஹாரனிலிருந்து கையை எடுத்தார். வெயிலில் மூன்று பேரும் காத்திருந்தோம். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ‘ம், போயாச்சு’ என்று எப்போதும் நீதான் சொல்வாய். கிளம்பியதிலிருந்து விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்த இன்ஜின் திடீரென்று சீரானது. கார்புரேட்டர் சூடேறியிருக்கும். நான் கியரைப் போட்டேன்.

டிராக்டரைக் கடந்ததும் வளைவு. தெரியாமல் வேகமாக நுழைந்துவிட்டேன். பின்பக்கம் லேசாகியது. பயம் வந்தது. கால் தானாக மேலே வரப் பார்த்தது. எடுக்கவில்லை, மிதித்தேன். கார் சாலையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. பயம் வந்த வழியிலேயே மற்றதெல்லாமும் வந்தது. புளியமரத்தடியில் ஓரங்கட்டி, ஸ்டீயரிங்கில் முகத்தை வைத்து அழுதேன். பின்னாலிருந்து உன் தம்பி கையை நீட்டி என் தோளைப் பிடித்தான். அந்தப் பிடி வலித்தது.

“லாரிக்காரன திரும்பிப் போவச் சொல்லிடு” என்றேன்.

“நீங்க ஒரு சுத்து போலாமான்னு கேட்டப்பவே சொல்லிட்டேன் மாமா” என்றான்.

இதை எழுதும்போதும் அந்த ஸ்டீயரிங்கின் அதிர்வு உள்ளங்கையில் இருக்கிறது. எழுத்து கோணலாகப் போகிறது. பேனாவை இறுக்கிப் பிடித்தால் அந்த அதிர்வு நின்றுவிடும். லேசாகவே பிடித்திருக்கிறேன்.