மூடி இல்லாத கூடை

போன வாரம் பங்சார் போகிற வழியில், சிக்னலில் நின்றபோது, என் சைக்கிளின் முன்னால் மாட்டிய பையின் ஜிப் கையோடு வந்துவிட்டது. மழை பிடித்துக்கொண்ட நேரம். உள்ளே ஆபீஸ் லேப்டாப். ஒரு கையால் பையின் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு எப்படியோ போய்ச் சேர்ந்தேன். நீ பார்த்திருந்தால் நடுரோடு என்றும் பாராமல் சிரித்திருப்பாய். அந்தப் பைமேல் உனக்கிருந்த கடுப்பு எனக்குத் தெரியாதா என்ன?

சனிக்கிழமை நம் வழக்கமான சைக்கிள் கடைக்குப் போனேன். சீன அங்கிள் ஜிப்பை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்துவிட்டு, இனி இது தேறாது என்று மலாயில் சொன்னார். பிறகு சுவரைக் காட்டினார். ஒரு பக்கம் பைகள், இன்னொரு பக்கம் கூடைகள். எது வேண்டும் பாஸ் என்றார். சாதாரணக் கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நாம் எத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறோம்!

என் கட்சி பை. உன் கட்சி கூடை. மழைக்குத் தாங்காது, திருடன் கை வைப்பான், பள்ளத்தில் இறங்கினால் சாமான் துள்ளி விழும் என்று நான் அடுக்குவேன். நீ எதற்கும் பதில் சொல்லாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாய். பதில் சொல்லாத ஆளிடம் ஜெயிக்கவே முடியாது.

அந்தத் தைப்பூசம் ஞாபகம் இருக்கிறதா? ரதம் வரும்போது உடைக்கத் தேங்காய் வாங்கினோம். எல்லாவற்றையும் முன்கூடையில் குவித்தாய். முன்னால் அவ்வளவு எடை ஏற்றினால் ஹேண்டில் இழுக்கும், பின் கேரியரில் கட்டு என்று தலையால் அடித்துக்கொண்டேன். "முருகனுக்குப் போறத என் முதுகுக்குப் பின்னால வைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டாய். பூக்கடை முன்னால் ஸ்டாண்ட் போட்டுவிட்டுக் கையை எடுத்தாய். முன்சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பியது, சைக்கிள் சாய்ந்தது, தேங்காயெல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸ் ரோட்டில் உருண்டோடியது. பூக்கடை அக்கா ஓடிவந்தார். மலாய் டாக்சிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பொறுக்கினார். ஒரு காய் மட்டும் லோரிச் சக்கரத்தில் சிக்கிப் படீரென்று உடைந்தது. எல்லோரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். "முதல் காய முருகனே வந்து ஒடச்சுக்கிட்டாரு லா" என்றாய். தெருவே சிரித்தது. எனக்கு மட்டும் அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அன்றோடு அந்தத் தெரு உனக்குச் சொந்தமாகிவிட்டது.

உன் பிறந்தநாளுக்கு அந்தப் பையை வாங்கினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் புகாது என்று கடையில் சத்தியம் செய்தார்கள். மறுக்காமல் மாட்டிக்கொண்டாய். ஆனால் ஒருநாளும் ஜிப்பை மூடவில்லை. கேட்டால், "மூடி வச்சா எப்படிப் போடுவாங்க?" என்றாய். யார், எதை என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் நீ டீச்சராக இருந்த பாலர் பள்ளியிலிருந்து வருவதற்குள் மழை கொட்டித் தீர்த்தது. வாசலில் நின்று பையைக் கவிழ்த்தாய். வாளியிலிருந்து கொட்டுவது போல் தண்ணீர் கொட்டியது, கூடவே உன் பிள்ளைகள் வரைந்த படங்களும். "நல்ல பைதான் வாங்கியிருக்கீங்க. ஒரு சொட்டு வெளிய போகல." கோபப்படலாம் என்று பார்த்தேன், சிரிப்பு முந்திக்கொண்டது. மறுநாள் பை என் சைக்கிளுக்கு வந்தது. கூடை உன் சைக்கிளுக்குத் திரும்பியது.

அந்தக் கூடையில் என்னதான் வரவில்லை! கறிவேப்பிலை, கோயில் பிரசாதம், யாரோ தைக்கக் கொடுத்த ரவிக்கை. நம் வீட்டுக்கு வந்ததைவிட வேறு வீடுகளுக்குப் போக வேண்டியதுதான் அதிகம். போகிற வழியில்தானே என்று ஆளாளுக்குப் போடுவார்கள், நீயும் கொண்டுபோய்க் கொடுப்பாய். "நீ என்ன போஸ்ட் ஆபீஸா?" என்று எரிந்து விழுவேன். "போஸ்ட் ஆபீஸுக்கு லீவு உண்டு" என்பாய்.

ஒரு வாரக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். உன் சைக்கிளைக் கூடையோடு கிள்ளானில் இருக்கும் உன் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். வாசலில் அது சும்மா நிற்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. காரியம் முடியும்வரை தெருவில் எல்லோரும் வந்தார்கள், அழுதார்கள். அதற்குப் பிறகு என்னிடம் என்ன பேசுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் வருவதைப் பார்த்தால் பூக்கடை அக்கா குனிந்து பூக்கட்டத் தொடங்கிவிடுவார். நானும் பெடலை வேகமாக மிதிப்பேன். வேலை முடிந்து வந்தால் மறுநாள் காலைவரை வாய் திறக்க ஆளில்லை. ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று உன்னிடம்தான் சொல்ல முடியும்.

சனிக்கிழமை அங்கிளிடம் கூடையைக் காட்டினேன். அவருக்கே ஆச்சரியம். கூடையின் கால்கள் இரண்டையும் முன்சக்கரத்தின் அச்சில் இறக்கி முடுக்கினார். ஸ்டாண்ட் போட்டால் சக்கரம் திரும்பாமல் இருக்க ஒரு ஸ்பிரிங்கும் மாட்டச் சொன்னேன். இதை அன்றைக்கே மாட்டியிருந்தால் தேங்காய் தப்பித்திருக்கும். லேப்டாப் இனி பின் கேரியரில். அதை முதுகுக்குப் பின்னால் வைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

இன்று மாலை வரும்போது பூக்கடை அக்கா வழக்கம்போல் குனியப் போனார். கூடையைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, நில்லுங்க!"

நின்றேன். இலையில் மடித்த பூவைக் கூடையில் வைத்தார். "இது மூணாவது மாடி டெய்லர் ஆன்டிக்கு. சாமிக்கு. அவங்களுக்குக் கால் முடியாது. முன்ன டீச்சர்தான் தெனமும் கொண்டுபோவாங்க. இப்ப கடைய மூடிட்டு நானே போறேன், ரொம்ப லேட்டாயிடுது."

"எந்த பிளாக்?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க பிளாக்தான் லா."

படியேறினேன். நம் வீட்டுக்கு நேர் மேல் வீடு. தையல் மிஷின் சத்தம் ராத்திரியில் கேட்கும்போதெல்லாம் யார் என்று எரிச்சல்பட்டிருக்கிறேனே, அந்த வீடு. ஆன்டி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். பூவை வாங்கி, கத்தரியால் பாதியாக வெட்டி, ஒரு பாதியை என் கையில் வைத்தார்.

"டீச்சருக்கு எப்பவும் பாதி. இப்ப படத்துக்குப் போடுங்க."

நீ தினமும் தலையில் வைத்துக்கொண்டு வந்த பூ. நீயே வாங்கிக்கொள்கிறாய் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆன்டி மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். லோரி உடைத்த தேங்காய்க் கதையை நான் சொல்லித்தான் அவர் முழுசாகக் கேட்டார். வாய்விட்டுச் சிரித்தார். நானும்தான்.

பூ இப்போது உன் படத்தில் இருக்கிறது. நாளைக்கும் நிற்கச் சொல்லியிருக்கிறார் பூக்கடை அக்கா. மாலை நேரம், மழை வந்தாலும் வரும். பூ கொஞ்சம் நனையும். பரவாயில்லை, கூடையில் தண்ணீர் தங்காது.