அம்மாவின் மணிக்கட்டும் என் சத்துப்பொடியும்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று கையோடு சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நான்கு கையோடு சுகமாயிருக்க வேண்டும். நேற்று டாக்டர் அறையில் உட்காரச் சொன்னதும் ஸ்டூல் என்று நினைத்து எடை பார்க்கிற மெஷின் மேல் உட்கார்ந்துவிட்டேன், முள் ஆடிய ஆட்டத்தில் நர்ஸம்மா சிரித்துவிட்டாள், அம்மா நல்ல கையால் தலையில் அடித்துக்கொண்டு, வீட்ல மானத்த வாங்குறது பத்தாதா என்றாள். என் புத்தி என்னிடம் இல்லை பாப்பா.

மணிக்கட்டில் தகடு வைத்து ஏழு வாரமாகிறது. ஆபரேஷன் அன்றே டாக்டர் என்னிடம், மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடுகிற மாத்திரை இருக்கட்டும், தினசரி வலி மாத்திரை மட்டும் வேண்டாம், அது எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தலாம் என்று சொல்லியிருந்தார், நானும் மண்டையை ஆட்டினேன். ஆனால் மாற்றாகக் கொடுத்தது அம்மாவின் முழங்காலுக்கு எட்டவே இல்லை, காலையில் கட்டிலை விட்டு இறங்க அரைமணி நேரம், அந்த முனகலைக் கேட்க என்னால் முடியவில்லை. மிச்சமிருந்த பழைய மாத்திரைகளைக் கடைச் சுத்தியலால் பொடித்து, சத்துப்பொடி என்று பாலில் கலந்து தினமும் கொடுத்தேன். மூன்றாம் நாளே எழுந்து நடந்தாள், எதிர்வீட்டு டீச்சரிடம் அந்தப் பொடிக்கு ஒரே புகழ்ச்சி, நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

நேற்று எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக ஒட்டவில்லை. வலி மாத்திரை ஏதும் போட்டீங்களாம்மா என்று டாக்டர் கேட்க, எங்க டாக்டர், இவருதான் போலீஸ்காரர் மாதிரி காவல் காக்கிறாரே என்றாள் பெருமையாக. வாசல் வரை போய், குடையை மறந்துவிட்டேன் என்று திரும்பி ஓடி டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்றோடு நிறுத்துங்கள், ஒரு மாதம் பார்ப்போம், அப்போதும் ஒட்டாவிட்டால் மறுபடி ஆபரேஷன்தான் என்றார், முழங்காலுக்கு வேறு மருந்து எழுதித் தந்தார். நாற்பது வருடமாக இரும்பை ஒட்டவைக்கிற வெல்டர் நான், ஒரு எலும்பை ஒட்டவிடாமல் செய்திருக்கிறேன் பார். இன்று கடையில் ஒரே இரும்புக் கேட்டுக்கு மூன்று தடவை பற்ற வைத்தேன், உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அம்மாவோ, அன்னிக்கு வாளியத் தூக்கினேன், அதான் இப்படி ஆயிடுச்சு, உங்களுக்கும் அலைச்சல் என்று என்னிடமே மன்னிப்புக் கேட்கிறாள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாயிருங்கள். மாத்திரை எதுவானாலும் டாக்டரைக் கேட்டுப் போடு, உன் அப்பனைக் கேட்காதே. பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, கடை விலாசத்துக்குப் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு. இதை ஒட்டப் போகும்போது அம்மா பால் தம்ளரோடு வந்து, பொடி தீந்துடுச்சா என்று கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றேன். தப்பு உன் வாளி மேல இல்லடி, என் மேலதான் என்பதை அவளிடம் சொல்லாமல் உனக்குத்தான் எழுதுகிறேன்.