ரேவதியின் இடது சக்கரம்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் பகல் முழுக்க சர்வர் இல்லை. மாலை சக்கர நாற்காலிக் கூடைப்பந்துப் பயிற்சி.

டீமுக்குப் புதிதாக ஒருத்தி. ரேவதி. நாவலூரில் ஐ.டி. வேலை. விபத்தில் கால் போய் இரண்டே வருடமாம். சொந்தமாக விளையாட்டு நாற்காலி. விரலால் தொட்டால் ஓடுகிறது. எனக்கு டீமின் பழசு. வலப்பக்கம் இழுக்கும்.

கோச்சுக்கு வாயெல்லாம் பல். "இன்னா ஸ்பீடு பாரு!" நாலு வருடமாக ஆடுகிறேன். என்னை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

ஜூலை 10, வியாழன்
வாங்க: கையுறை, தைலம், துவரம்பருப்பு.

ஞாயிறு மாமல்லபுரத்தில் மேட்ச். முதல் ஐவரில் என் இடம் ரே.வுக்கு. கோச்: "செல்வி, நீ செகண்ட் ஆஃப்ல எறங்கிக்கம்மா." தலையாட்டினேன். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அவள் 'அக்கா' என்று கூப்பிடுவதுகூடப் பிடிக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி
எழுதிவிடுகிறேன். பயிற்சிக்கு ரே. காரில் வந்தாள். கழற்றி வைத்திருந்த சக்கரங்களை நாற்காலியில் மாட்டினாள். இடது சக்கரத்தைப் பூட்டும் இரும்புப் பின் முழுதாக உள்ளே போகவில்லை. பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

வேகமாகத் திரும்பினாள். சக்கரம் கழன்றது. விழுந்தாள். வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல். "என் தப்பு சார், நான்தான் சரியா மாட்டல." அழுதுகொண்டே.

கோச் என்னிடம்: "ஞாயித்துக்கெழம நீதான் ஸ்டார்ட்டிங்." சந்தோஷம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது.

ஜூலை 12, சனி
லேசான தூறல். ரே. போன். "அக்கா, என் சேர்ல ஆடுங்க. அனுப்பி வைக்கிறேன்."

அதற்குமேல் முடியவில்லை. "சக்கரத்துப் பின் சரியா உள்ள போவாதத நான் பாத்தேன். சொல்லாம வுட்டுட்டேன்."

"ஏங்க்கா?"

"காண்டு, பொறாம. வேற இன்னா."

வைத்துவிட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு
வேன் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை கையுறையைப் போட்டுப் போட்டுக் கழற்றினேன். மைதானத்தில் கடல் காற்று. பந்து போட்ட இடத்தில் விழவில்லை. அதே பழைய நாற்காலியில் நான் நாலு கூடை. இரண்டு பாயிண்டில் தோல்வி.

ரே. கட்டுக் கையோடு வந்திருந்தாள். கைதட்டவில்லை. முடிந்ததும் அவள் அம்மா தள்ளிக்கொண்டு வர, என் எதிரே வந்து நின்றாள்.

"கோச் கிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன். கட்டு பிரிச்சதும் வருவேன். அந்த இடம் எனக்குத்தான்."

"வா. வுட மாட்டேன்."

சிரிக்காமல் போனாள். பயிற்சிக்காக நாளைக் காலை ஆறு மணிக்கே கிரவுண்டைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.