பெயர் வெட்டிய டம்ளர்

ஈரமான காப்பித் தூளின் வாசனைக்கு இரண்டு நிமிடம்தான் ஆயுள். வெந்நீர் பட்டதும் எழும், தூள் அடங்கியதும் போய்விடும். போன ஞாயிற்றுக்கிழமை காலை அந்த இரண்டு நிமிடத்தில் என் சமையலறையில் நீங்கள் வந்து நின்றீர்கள்.

பெங்களூரிலிருந்து மகன் வந்திருந்தான். கையோடு ஒரு பெட்டி. அதற்குள் பீங்கான் கூம்பு, வடிகட்டும் தாள், கொக்குக் கழுத்துபோல் மூக்கு நீண்ட கெண்டி, ஒரு சின்னத் தராசு. காப்பிக்கு இத்தனை சீர்வரிசையா என்று கேட்டேன். "தண்ணிய எப்படி ஊத்தறோம்கறதுலதாம்மா எல்லாமே இருக்கு" என்று வாத்தியாரம்மாவுக்கே வகுப்பெடுத்தான். ஊற்றினான். நடுவில் பள்ளம் விழுந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை. "வேகத்தைக் குறைடா, தண்ணி அந்தக் குழி வழியாவே ஓடிடும், தூள்ல சாரமே எறங்காது" என்று கெண்டியைப் பிடுங்கி, புதுத் தாளும் புதுத் தூளும் போட்டேன். தூள் நனைகிற அளவுக்கு மட்டும் விட்டு நிறுத்தினேன். அது பொங்கி அடங்கியதும் நூல்போல விட்டுச் சுற்றினேன். குடித்துப் பார்த்தவன் என்னையே பார்த்தான்.

"எங்க கத்துக்கிட்டம்மா?"

"யூடியூப்லதான்" என்றேன்.

அவன் நம்பிவிட்டான். நம்பாமல் என்ன, நான் பொய் சொன்னால் எப்போதும் நம்புகிற மாதிரிதான் சொல்வேன். அது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

உங்களை நான் ஒருநாளும் 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷம் ஒரே லேபில் இருந்தோம். நான் கெமிஸ்ட்ரி டீச்சர், நீங்கள் கான்ட்ராக்டில் வந்த லேப் அட்டெண்டர். நான் 'நீ, வா, போ' என்பேன், நீங்கள் 'டீச்சர், சொல்லுங்க' என்பீர்கள். அதில் ஏதோ இடறுகிறது என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்று கையால் எழுதும்போதுதான் 'நீங்கள்' வருகிறது. நீங்கள் காதால் கேட்க இருந்தபோது வரவில்லை.

காப்பி என் யோசனைதான். இரண்டாவது பீரியட் முடிவதற்குள் எனக்கு ஒற்றைத் தலைவலி மண்டையைப் பிளக்கும். கேன்டீன் அடுத்த கட்டடத்தில். "இங்கேயே ஒரு வாய் காப்பி போட முடியாதா?" என்று கேட்டேன். நீங்கள் உடனே மறுத்தீர்கள்.

"லேப்ல வேணாங்க டீச்சர். ஆசிட் பொழங்கற எடம். யாருனா பாத்துட்டா என்னைத்தான் கேப்பாங்க."

"நான் இருக்கேன்ல. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

இந்த இரண்டு வாக்கியத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாயில்லை. நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

சரியென்று ஆனதும் அந்தக் காரியத்தை நீங்கள் எத்தனை சுத்தமாகச் செய்தீர்கள். பெட்டி பிரிக்காத கண்ணாடிச் சாமான்களாகப் பார்த்து எடுத்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு நூல் கட்டி, தனி அலமாரியில் பூட்டினீர்கள். நூல் கட்டியதில் ஒரு சொட்டு மருந்து பட்டதில்லை. ஸ்டாண்டில் திருகு வைத்த கண்ணாடிக் குடுவை, அதில் வெந்நீர். கீழே பீக்கர், அதன் மேல் புனல், அதற்குள் விசிறிபோல் மடித்த வடிதாள், அதில் தூள். முதல் வாரம் காப்பி பாத்திரம் கழுவின தண்ணீர்போல இருந்தது. மறுவாரம் சிக்கரி கலந்த தூள் தாளை அடைத்துக்கொண்டு கஷாயமாகக் கசந்தது. சிக்கரி இல்லாத தூள் வாங்கி வரச் சொன்னீர்கள். பிறகு திருகோடு மல்லுக்கு நின்றீர்கள். ஒரு கையால் அதைக் கால் வாசி திறந்து பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழே இருக்கும் பீக்கரை மெல்லச் சுற்றுவீர்கள். தண்ணீர் நின்ற இடத்தில் நிற்க, தூள் அதன் கீழே சுற்றி வரும்.

"மொதல்ல நனைச்சுட்டு வுட்டுடணும் டீச்சர். அது மூச்சு வுடட்டும். அப்புறம் நாத்தங்காலுக்குத் தண்ணி வுடற மாதிரி வுடணும். மடையைத் தொறந்து வுட்டா வெதை ஒரு பக்கமா ஒதுங்கிக்கினு போயிடும்."

கம்மாபுரம் பக்கம் ஊரார் வயலில் நாற்று விட்ட கை அது. டைட்ரேஷனில் ஒரு சொட்டு முன்னே பின்னே போகாமல் நிறுத்தத் தெரியாத என் பிள்ளைகளுக்கு, திருகைப் பிடிக்க நீங்கள்தான் பழக்கினீர்கள். மார்க் எனக்கு வந்தது.

எனக்கு ஒரு டம்ளர், உங்களுக்கு ஒரு டம்ளர். என்னுடையது கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர். பாத்திரக் கடையில் வயிற்றுப் பகுதியில் என் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் ஒன்று குறைகிறதே என்று அம்மா கேட்டபோது, பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

பதினோராவது வருஷம், நீண்ட நாள் வேலை பார்த்த கான்ட்ராக்ட் ஆட்களைப் பெர்மனென்ட் ஆக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. எங்கள் பள்ளியிலிருந்து போன பட்டியலில் உங்கள் பெயர் இருந்தது. "இது மட்டும் ஆயிட்டா பொண்ணை நர்சிங் சேத்துடுவேன் டீச்சர்" என்று பீக்கரைச் சுற்றிக்கொண்டே சொன்னீர்கள். நானும் நல்ல வார்த்தை நாலு எழுதிக் கொடுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் இருக்கும். பிராக்டிகல் பரீட்சைக்காக லேபைப் பார்க்க வெளியிலிருந்து இரண்டு பேரை அழைத்துக்கொண்டு பிரின்சிபால் மேடம் சொல்லாமல் வந்துவிட்டார். நீங்கள் கடைசி மேசையில் நின்றீர்கள். நான் பக்கத்தில் ரெக்கார்ட் நோட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன். அவர் வாசலிலேயே மூக்கைச் சுளித்தார்.

"லேப்ல காப்பியா? யாரு வேலை இது?"

கேட்டது என்னைப் பார்த்து.

"எனக்குத் தெரியாது மேடம். நான் நோட்டு திருத்திக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. தயாராக இருந்ததுபோல வந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை திருகிலிருந்து தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டே இருந்தது. நீங்கள் அவசரப்படாமல் அதை மூடினீர்கள். மேசைமேல் இரண்டு டம்ளர்கள். ஒன்றில் என் பெயர், வாசலைப் பார்த்தபடி. துணியை எடுத்து மேசையைத் துடைத்தீர்கள். துடைக்கிற கையோடு அந்த டம்ளரை எழுத்து சுவர்ப் பக்கம் போகும்படி திருப்பி வைத்தீர்கள். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தீர்கள்.

"நான்தாங்க வெச்சேன். டீச்சருக்குத் தெரியாதுங்க."

பிரின்சிபால் கோபப்பட்டதில் தப்பில்லை. ஆசிட் இருக்கும் இடத்தில் காப்பி போட்டால் கேட்கத்தான் வேண்டும். கேட்கப்பட வேண்டிய ஆள்தான் மாறிப்போனது. மத்தியானம் என்னை அழைத்து, நடந்ததை எழுதித் தரச் சொன்னார். திருத்திக்கொள்ள எனக்கு முழுசாக இரண்டு மணி நேரம் இருந்தது. அரைப் பக்கம் எழுதினேன், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

மறுநாள் என் மேசை இழுப்பறையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் இருந்தது. கழுவித் துடைத்த என் டம்ளர். நீங்கள் இல்லை. பட்டியலில் உங்கள் பெயரும் இல்லை.

பிறகு உங்களை டவுன்ஷிப் ரோட்டில் சருகு கூட்டும் வேலையில் போட்டார்கள். ஸ்கூட்டியில் போகும்போது ஒருநாள் பார்த்தேன். துடைப்பத்தை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு "வணக்கங்க டீச்சர்" என்றீர்கள். மறுநாளிலிருந்து அடுத்த ரோடு வழியாகப் போனேன். சுற்று வழிதான். பெட்ரோல் செலவானாலும் முகம் தப்பித்தது.

ஒரே ஒரு தடவை பஜாரில் தப்ப முடியாமல் நேருக்கு நேர் வந்துவிட்டோம். திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"தலவலி எப்படிங்க இருக்குது டீச்சர்? காப்பிக்கு இன்னா பண்றீங்க?"

"விட்டுட்டேன்."

"வுடாதீங்க. உங்களுக்கு அது இல்லன்னா ஆவாது."

உன் பெண் நர்சிங் சேர்ந்தாளா என்று கேட்க வேண்டியது என் முறை. கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். நான் ஸ்கூட்டியில் வந்திருந்தேன், சாவி கையில் இருந்தது.

போன வருஷம் சேத்தியாத்தோப்புக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, கம்மாபுரத்தில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு நேரே கண்ணீர் அஞ்சலி பேனர். லேபில் கழுத்தில் மாட்டியிருப்பீர்களே, அந்த ஐடி கார்டு போட்டோவைத்தான் பெரிதாக்கியிருந்தார்கள். இறங்கியிருக்கலாம். வீடு எது என்று யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார், நான் பட்டுப்புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டேன்.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூராவும் நெஞ்சை அறுத்தது. திங்கள் காலை மகன் கிளம்புவதற்கு முன், பரண்மேல் இருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். அவன் பார்த்துவிட்டு, "இது உன் கல்யாண டம்ளராச்சே, ஏன் மேல போட்டு வெச்சிருக்க?" என்றான். யூடியூப் இல்லை என்று ஆரம்பித்தேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். அவன் கெண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"ரெண்டாவது டம்ளர் யாரோடதுன்னு அவங்க கேக்கவே இல்லையா?"

"கேக்கல."

"கேட்டிருந்தா? பேரைப் பாத்திருந்தா?"

இத்தனை வருஷம் யாரும் கேட்காத கேள்வி. இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை.

"என்னைக் கேக்காம எடுத்துட்டு வந்திருக்கான்னு சொல்லியிருப்பேன்."

அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். காப்பி குடிக்கவில்லை.

உங்களைத் திருடனாக்கும் அந்த வார்த்தை அன்றே என் நாக்கு நுனியில் இருந்தது. டம்ளரோடு சேர்த்து அதையும்தான் பரண்மேல் வைத்திருந்தேன். என்னைக் காப்பாற்றத்தான் நீங்கள் டம்ளரைத் திருப்பினீர்கள் என்று இதுவரை நினைத்திருந்தேன். பதினோரு வருஷம் பக்கத்தில் இருந்தவர் நீங்கள். அடுத்து என் வாயிலிருந்து என்ன வரும் என்று உங்களுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.