விம்கோ நகர் காளான் அறைக் கோப்பில் உள்ள ஒரு சொல்லை நீக்கக் கோருதல்

அனுப்புநர்:
பெ. இன்னாசி,
கிரேன் ஓட்டுநர் (பணி ஓய்வு),
விம்கோ நகர், திருவொற்றியூர்,
சென்னை.

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
மகளிர் காளான் வளர்ப்பு உதவித் திட்டம் (வடக்கு),
சென்னை.

பொருள்: மொட்டுக் காளான் வளர்ப்பு – இருமுறை விளைச்சல் பொய்த்தது – என் மனைவி திருமதி ஃப்ளோரா மீது ‘கவனக்குறைவு’ என்று எழுதப்பட்டதை நீக்கவும், அறையைத் திரும்பப் பெறும் ஆணையை நிறுத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 20.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவன். மனு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்தருளவும். கோபம் தெரிந்தால் அதையும் பொறுத்தருளவும்.

1. என் மனைவி தலைவியாக இருக்கும் மகளிர் குழுவின் காளான் அறையை இம்மாதம் 31ஆம் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று பார்வையில் கண்ட கடிதம் கூறுகிறது. அதற்குக் காரணமாக, ‘குழுத் தலைவியின் கவனக்குறைவு’ என்று ஆய்வறிக்கையிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறீர்கள். விளைச்சல் பொய்த்தது உண்மைதான், மறுக்கவில்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த மனு.

2. ஃப்ளோரா இருபத்திரண்டு வருடம் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்தவர். கூடையில் கை வைக்கும் முன்பே மூக்கை வைத்து, இது இன்றைக்குப் பிடித்தது, இது முந்தாநாள் ஐஸில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். ஏலம் விடுகிறவர்கள் அவரைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள். முழங்கால் தேய்ந்து கூடை தூக்க முடியாமல் போனபோதுதான் தங்கள் திட்டத்தில் சேர்ந்தார். வைக்கோலும் கோழி எருவும் சேர்ந்த காளான் உரத்தைப் புரட்டிப் புரட்டி, அமோனியா நெடி அடியோடு போன பிறகே விதை தூவ வேண்டும், நெடி மிச்சமிருந்தால் விதை செத்துவிடும் என்று தங்கள் பயிற்சியில் சொன்னார்கள். அந்தச் சோதனையைக் குழுவின் மற்ற நான்கு பெண்களும் ஃப்ளோராவிடமே விட்டுவிட்டார்கள். “அக்கா மூக்கு ஒண்ணு போதும், மிஷினே வாணாம்” என்றார் ரூஹி. அவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர், குழுவில் இரண்டாவது ஆள்.

3. முதல் மூன்று விளைச்சலும் நன்றாக வந்தன. தங்கள் கோப்பிலேயே இருக்கும். சும்மா வரவில்லை ஐயா. இறால் வைத்திருந்த பழைய குளிர் அறை அது. முதல் தடவை காளான் எல்லாம் தண்டு நீண்டு, தலை சிறுத்து, கொக்குக் கழுத்தாக நின்றது. ஃப்ளோரா உள்ளே போய்ப் பத்து நிமிடம் சும்மா நின்றுவிட்டு வந்து, “எனக்கே மூச்சு முட்டுதுயா, அதுங்களுக்கு முட்டாதா?” என்றார். காலையும் மாலையும் கதவைத் திறந்து மின்விசிறி வைத்துக் காற்று மாற்றினோம். சரியானது. அடுத்து, உரத்தின் மேல் பரப்பும் மண்ணில் மொட்டே கட்டவில்லை. எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதைத் தெளித்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்து, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றார், அந்த முழங்காலோடு. பிறகு காளான் தலையில் பழுப்புப் புள்ளி விழுந்தது. தண்ணீர் தெளித்த கையோடு விசிறி போட்டு ஈரத்தை உலர்த்தச் சொன்னார். நின்றுபோனது. அழுகல் கட்டி வந்த இடத்தில் கல்லுப்பைக் கொட்டி, மேலே டீ கப்பைக் கவிழ்த்து வைத்து, பக்கத்துக் காளானைக் காப்பாற்றினார். இந்த நான்கையும் செய்தவரைக் கவனக்குறைவானவர் என்று எழுதிய பேனா எது என்று எனக்குப் பார்க்க ஆசை.

4. சென்ற ஆண்டு நவம்பரில் ஒரு பிற்பகல், எங்கள் பகுதியில் உள்ள தொழிற்சாலை ஒன்றிலிருந்து வாயு கசிந்தது. அதன் பெயரை எழுத நான் தயாராக இல்லை, வழக்குப் போட எனக்குத் தெம்பில்லை. ரூஹியும் நானும் கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் வீட்டுக்குள் இருந்துவிட்டோம். ஃப்ளோரா அன்று வெளியே உரம் புரட்டிக்கொண்டிருந்தார். மூடாமல் விட்டால் உரம் வீணாகும் என்று தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் வந்தார். மூன்று நாள் கண்ணும் தொண்டையும் எரிந்தன. பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்றார். நாங்களும் நம்பினோம்.

5. எங்கள் தெருவில் அமோனியா நெடி என்பது புதிதல்ல. கசிவு இல்லாத நாளிலும் கொஞ்சம் வரும். ‘கம்பெனி காத்து’ என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்துவோம், அவ்வளவுதான். ஆனால் டிசம்பரில் ஃப்ளோரா, “இன்னாய்யா, இப்பல்லாம் கம்பெனி நாத்தமே வர்றதில்ல, கவனிச்சியா? சரி பண்ணிட்டானுங்க போல கீது” என்றார். நான் காலம் முழுக்க டீசல் புகையில் இருந்தவன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அவர் ராயபுரம் கோயிலுக்குப் போய் நன்றியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்.

6. ஜனவரியில் தூவிய விதை செத்தது. விதை முளைத்து வெள்ளை நூலாக ஓட வேண்டிய உரம் கறுத்துக் கிடந்தது. மார்ச்சிலும் அதே கதை. இரண்டு தடவையும் ஃப்ளோரா உரத்தை அள்ளி முகர்ந்து, நெடி இல்லை, தூவலாம் என்றார். இரண்டு தடவையும் ரூஹிக்கு நெடி அடித்தது. ஆனால் அவர், “அது கம்பெனி காத்துக்கா, இன்னிக்கு இந்தப் பக்கமா அடிக்குது” என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வேறு ஊர்க்காரராக இருந்தால் நெடி எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்திருப்பார். எங்கள் தெருவில் பிறந்தவர் பார்க்க மாட்டார். நெடி என்றால் எங்களுக்குக் காற்று, உரம் அல்ல. இந்தத் தவற்றை ஒப்புக்கொள்கிறோம்.

7. ஏப்ரல் 2ஆம் தேதி கள அலுவலர் திரு. சித்தார்த் அறைக்கு வந்தார். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினார். உரத்தை முகர்ந்த உடனே கைக்குட்டையை எடுத்து, “இவ்வளவு அடிக்குதே, எப்படிம்மா விதை போட்டீங்க?” என்று கேட்டார். ஃப்ளோரா தலை குனிந்து நின்றார். அதைத்தான் அவர் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே எழுதியிருப்பேன். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

8. மே மாதம் அடுத்த உரம் தயாரானபோது, இங்கே முகர்ந்தால் காற்றா உரமா என்ற குழப்பம் தீராது என்று எனக்குத் தோன்றியது. மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டு, ஃப்ளோராவை அழைத்துக்கொண்டு விம்கோ நகரில் ரயில் ஏறினேன். எண்ணூர் தாண்டி, மீஞ்சூர் தாண்டி, பொன்னேரியில் இறங்கினோம். நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. டீசல் தின்ற மூக்குக்கே அப்படி. பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து தள்ளிப் போனார். ஃப்ளோரா டப்பாவுக்குள் முகத்தை வைத்து, நன்றாக இழுத்து, “நல்லாத்தான்யா கீது. விதை போட்லாம்” என்றார்.

அவர் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தார். தள்ளிப் போய் நின்ற அம்மாவைப் பார்த்தார். டப்பாவை என் கையிலிருந்து வாங்கி மறுபடியும் முகர்ந்தார். பிறகு தன் புடவைத் தலைப்பை முகர்ந்தார். பிறகு, “கம்பெனிய சரி பண்ணிட்டானுங்கன்னுல்ல நென்ச்சிகினு இருந்தேன்” என்றார். இரண்டு ரயில் போகும் வரை அழுதார். நான் ஒரு மனிதனாக உட்கார்ந்திருந்தேனே தவிர, எதற்கும் உதவவில்லை.

9. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் மறைத்தால் மனு பொய்யாகிவிடும். இந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து வீட்டில் பால் மூன்று தடவை தீய்ந்தது. மூன்றாவது தடவை நான், “மூக்க எங்கனா அடகு வெச்சிட்டியா?” என்று கத்தினேன். அவர் சட்டியைத் தேய்த்துக்கொண்டே, சளி என்றார். ஐந்து மாதம் சளி இருக்குமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஐயா, கோப்பில் கவனக்குறைவு என்று எழுதியே தீர வேண்டும் என்றால் என் பெயரைப் போட்டு எழுதுங்கள். அது சரியாக இருக்கும்.

10. மருத்துவமனையில் காட்டினோம். அந்த வாயுவில் போன மோப்பம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். மூக்கை நம்பாமல் செய்ய வழி உண்டா என்று தேடி, பாரிமுனையில் ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் சிவப்பு லிட்மஸ் தாள் வாங்கினேன். உரத்தை டப்பாவில் போட்டு, நனைத்த தாளை மூடியின் உட்புறம் ஒட்டி மூட வேண்டும். தாள் நீலமானால் நெடி மிச்சமிருக்கிறது. ஒன்பது நாள் நீலமானது. ஒன்பது நாளும் ஃப்ளோராவே நின்று புரட்டினார். பத்தாம் நாள் தாள் சிவப்பாகவே இருந்தது. மிச்சமிருந்த விதையை ஜூன் 22 அன்று இரண்டு படுக்கையில் தூவினோம். இன்று இரண்டும் முழுக்க வெள்ளையாக ஓடியிருக்கின்றன.

ஆகவே பின்வருமாறு வேண்டுகிறேன்:

(அ) கோப்பிலிருந்து அந்தச் சொல்லை அடித்து, அதற்குப் பதிலாக உண்மையை எழுத வேண்டும்.

(ஆ) இந்த இரண்டு படுக்கையும் காய்க்கும் வரையாவது அறையை எடுக்கக் கூடாது. வீட்டில் சும்மா உட்கார வைத்தால் அவர் உடைந்துபோவார், எனக்குத் தெரியும்.

(இ) எங்கள் பகுதிக் குழுக்களுக்கு விதையோடு லிட்மஸ் தாளும் கொடுக்க வேண்டும். இங்கே யாருடைய மூக்கையும் நம்ப வேண்டாம். எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது.

(ஈ) தாங்களே நேரில் வந்து பார்வையிட வேண்டும். வரும்போது ஒரு சிறு உதவி. விதை நன்றாக ஓடினால் அறையில் ஒரு வாசனை வரும். போன ஆண்டு அதை முகர்ந்துவிட்டு ஃப்ளோரா எங்கள் எல்லோரையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். இப்போது அறைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், “எப்டி கீது வாசன?” என்று கேட்கிறார். நன்றாக இருக்கிறது என்றுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது. அது அவருக்குப் போதவில்லை. தாங்கள் படித்தவர். ஆய்வறிக்கையில் எதையும் எழுதும் முன், அந்த வாசனை எப்படி இருக்கிறது என்று அவரிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவும்.

நாள்: 14.07.2025
இடம்: திருவொற்றியூர்

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
பெ. இன்னாசி