வீட்டில் ஆங்கிலம் மட்டும்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று பள்ளியில் என் மகள் இரெத்தியின் கழுத்தில் அட்டை மாட்டியிருக்கிறார்கள். ‘நான் யோருபா பேசினேன்.’ யோருபா எங்கள் தாய்மொழி. அவளுக்கு ஆறு வயது. வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் “எ கு இஷே” என்றாளாம், வேலை செய்கிறவருக்கு எல்லோரும் சொல்லும் முகமன். அதுதான் குற்றம். வேலை செய்கிறவரை முகமன் சொல்லாமல் கடந்து போகிறவனைத்தான் இபாதான் என்ற எங்கள் ஊரில் திட்டுவார்கள். பள்ளிக்குள் எல்லாம் தலைகீழ்.

பிப்ரவரி 4

ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து நேராகப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை ஒரு தாளை நீட்டினார். வீட்டிலும் ஆங்கிலம் மட்டுமே பேசுவோம் என்று பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டும். மாதக் கடைசிக்குள். இல்லையென்றால் அடுத்த வகுப்பில் இடமில்லை.

“என் வீட்டுக்குள்ள நான் என்ன பேசணும்னு நீங்க சொல்வீங்களா?”

“உங்க நல்லதுக்குத்தாம்மா.” குரலைத் தாழ்த்தி, யோருபாவில் சொன்னார்!

பிப்ரவரி 5

என் கணவன் கோலாபோ கையெழுத்துப் போட்டுவிட்டான். “என்னை மாதிரி அவ நிக்கக் கூடாது.” வங்கி நேர்காணலில் ‘எஜுகேஷன்’ என்பதை இவன் ‘ஹெஜுகேஷன்’ என்றதும் மூன்று பேர் சிரித்தார்களாம். மூவரும் இந்த ஊர்க்காரர்கள். அவர்களின் அம்மாக்களும் அப்படித்தான் சொல்வார்கள். கோலாபோவின் கோபம் மட்டும் ஏன் சொந்த நாக்கின் மேல்?

நான் போடவில்லை.

பிப்ரவரி 9

நான் யோருபாவில் கேட்டால் இரெத்தி ஆங்கிலத்தில் பதில் சொல்வது எப்போதும் உள்ளதுதான். இப்போது கதவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஓக்போமோஷோவிலிருந்து கோலாபோவின் அண்ணன் அடிசா வந்தார். இரெத்தி முழங்காலிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். யோருபாவிலேயே பேசினாள். “ஷே ஒ மு ஒமி?” நீ தண்ணி குடிக்கிறியா? பெரியப்பாவைப் பார்த்து ‘ஒ’! பெரியவர்களுக்கு ‘நீங்கள்’, அதாவது ‘எ’ என்றல்லவா சொல்ல வேண்டும்? ‘எ கு இஷே’வில் வரும் ‘எ’ அவளுக்கு வெறும் மனப்பாடம்.

“யேய் கோலா, நானும் உன் மகளும் ஒரே பெஞ்சாடா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் தண்ணீரைக் குடிக்கவில்லை.

அவர் போனதும் கோலாபோ என்மேல் பாய்ந்தான். “நீதானே அவகிட்ட யோருபா பேசுற? இதைக்கூடச் சொல்லித் தரலையா?”

“பெத்த பொண்ணை நான் ‘நீங்க’ன்னா கூப்பிடுவேன்? அவ கேட்டதெல்லாம் ‘ஒ’தான். நாம ரெண்டு பேரும் யோருபா பேசியிருந்தா, நான் உங்ககிட்ட சொல்ற ‘எ’யும் அவ காதுல விழுந்திருக்கும்.”

இந்தச் சண்டையும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. த்தூ.

பிப்ரவரி 20

சாப்பிடும்போது கோலாபோ, யோருபாவில்: “அந்த மிளகாய்க் குழம்பைக் கொஞ்சம் எடுத்துத் தாங்க.” என்னிடம்! இந்த ஊரில் எந்தப் புருஷன் பெண்டாட்டியை ‘எ’ போட்டுப் பேசுகிறான்? எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சிரிக்காத. அவ கேக்கட்டும்.”

பிப்ரவரி 28, வெள்ளி

கையெழுத்துப் போட்டேன். அரசுப் பள்ளியில் ஒரு வகுப்புக்கு எண்பது பேர். வீரம் பேச எனக்கு வேறு பள்ளி இல்லை.

“ஸ்கூல்ல கேட்டா, வீட்டுல இங்கிலீஷ் மட்டும்தான்னு சொல்லணும். சரியா?” என்றான் கோலாபோ. யோருபாவில்.

இரெத்தி யாம் கிழங்குக் களியை விரலில் உருட்டியபடி யோசித்தாள். பிறகு அவளும் யோருபாவிலேயே கேட்டாள். “அப்பா, நீங்க பொய்க் கையெழுத்தா போட்டீங்க?”

‘எ’ சரியாக வந்திருந்தது.